குத்துவாளில் ஒரு திருகாணி

அண்ணிக்கு அருங்காட்சியகத்தில் பழைய ஆயுதங்களின் வயதைக் கண்டுபிடிக்கும் வேலை. ஆனால் முந்நூறு வருடங்களுக்கு முன்பு ராஜாவே எங்கள் முப்பாட்டனுக்குக் கொடுத்தது என்று அப்பா அளந்துவந்த குத்துவாளை மட்டும் அவள் தொடக்கூடாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து விடாமல் கேட்டாள். ஒருநாள் அப்பா சலித்துப்போய், "இந்தா, பாத்துத் தொலைம்மா" என்று நீட்டினார்.

அலகில் ராஜாவின் பெயரும் ஆண்டும் வெட்டியிருந்தன. உருப்பெருக்கியோடு குனிந்த அண்ணி நெடுநேரம் நிமிரவேயில்லை. கடைசி எழுத்தின் வால் அலகைத் தாண்டி, பிடியை இறுக்கியிருந்த பித்தளைப் பட்டைமேலும் ஓடியிருந்தது.

"பட்டையை மாட்டின பிறகுதான் எழுத்தை வெட்டியிருக்காங்க, மாமா. பட்டையில இருக்கிற திருகாணி மிஷின்ல செஞ்சது. முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி அந்த மிஷின் ஏது?"

"கத்தி பழசுதானே?"

"கத்தி பழசா இருக்கலாம். ராஜா பேரு புதுசு."

"அப்போ எங்க தாத்தா பொய் சொன்னாரா?"

"அது திருகாணியில தெரியாது, மாமா."

அப்பா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வாரம் விருந்தாளி வந்ததும் குத்துவாளைத் தூக்கிக்கொண்டு, "முந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ராஜாவே..." என்று ஆரம்பித்தார். அண்ணி உருப்பெருக்கியைக் கொண்டுவந்து விருந்தாளியின் கையில் கொடுத்தாள்.

அப்பா தொண்டையைச் செருமினார். "...கொடுத்தார்னு எங்க தாத்தா சொல்வாரு."