பத்து முறை உட்கார்ந்து எழ

பெண்கள் ஜிம்மில் டிரெய்னர் வேலை என்பது பாதி எடை தூக்கச் சொல்லிக்கொடுப்பது, மீதி எதற்காகத் தூக்க வேண்டும் என்று வீட்டாருக்கு விளக்குவது. எனக்கு முதல் பாதி நன்றாக வரும். நாலு பேர் சேர்ந்து என்னைப் பார்த்தால் இரண்டாவது பாதி தொண்டையிலேயே நின்றுவிடும். பெரம்பலூர் மாதிரி ஊரில் இதே வேலை பார்ப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

ஒரு கிலோ

பரமேஸ்வரி அக்கா வாலிகண்டபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்தார். ஐம்பத்து நாலு வயது. வாசலில் வழுக்கிக் கையை ஊன்றியதில் மணிக்கட்டு முறிந்து, அப்போதுதான் கூடியிருந்தது. எலும்பில் வலு இல்லை, எடை தூக்கிப் பழகுங்கள் என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் தசையும் கரையும், எடை தூக்கினால் அதைத் தள்ளிப்போடலாம் என்று நான் படித்ததை ஒப்பித்தேன். அவர் ஒரு கிலோ டம்பெல்லை, தேங்காய் வாங்குகிறவர் போலக் கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய அம்மா இடுப்பு முறிந்து நாலு வருஷம் படுக்கையில் கிடந்து போனவராம்.

"எனக்குப் பெருசா ஒண்ணும் வேணாம் பாப்பா. சாவுற வரைக்கும் பாத்ரூமுக்கு என் கால்லயே போவணும்."

களை எடுப்பது போதாதா

அவருடைய கணவர் ஒருநாள் மாடிப்படியில் நின்று என்னைக் கேட்டார். "வயல்ல களை எடுக்குறா, வூட்ல தண்ணி தூக்குறா. இதுக்கு மேல இங்க வந்து என்னத்தம்மா தூக்குறது?" அது ஒரே குடம், ஒரே குனிவு, இங்கே கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறோம் என்றேன். அவருக்குக் கேட்டதா என்றே தெரியவில்லை. என் குரல் அவ்வளவுதான்.

எட்டு மாதத்தில் அக்கா கை ஊன்றாமல் தரையிலிருந்து எழுந்தார். அதன்பின் கணவரே அவரை வண்டியில் கொண்டுவந்து விட ஆரம்பித்தார்.

"அரிசி மூட்டைக்கு என்னையக் கூப்புடுறதே இல்ல. என்னையும் ஒருநாளு தூக்கி ஓரமா வச்சுருவா போல."

துக்கம் கேட்கப் போனேன்

அந்தத் தை மாதமே அக்காவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். ஒரு மாதம் கழித்துப் போனேன். அவர்கள் வழக்கப்படி அக்கா ஆறு மாதம் வாசல் தாண்டக் கூடாது. உள்அறை மூலையில் பாயில் உட்கார்ந்திருந்தார். சோறு, தண்ணீர் எல்லாம் அங்கேயே வந்தது. தொடை அதற்குள் இளைத்துவிட்டது புடவைக்கு மேலேயே எனக்குத் தெரிந்தது.

அறைக்குள்ளேயே நாற்காலியில் பத்து முறை உட்கார்ந்து எழுங்கள், காலையும் மாலையும். இதைத்தான் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வரும்போதே பலமுறை சொல்லிப் பார்த்திருந்தேன். ஆனால் சுற்றி எட்டுப் பெண்கள். புருஷன் போன வீட்டில் எக்சர்சைஸா என்று கேட்டுவிடுவார்களோ என்று திறந்த வாயை மூடிக்கொண்டேன். துக்க வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது என்பதால் அதையும் சொல்லாமல் எழுந்தேன். நாத்தனார் தெரு வரை கூடவே வந்தார். நல்ல மனுஷி.

"அண்ணிய ஒரு துரும்பு அசைக்க வுடலைங்க. எல்லாம் நாங்க பாத்துக்குறோம்."

அரியலூர்

ஆறு மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது, பாத்ரூம் போகப் பாயிலிருந்து எழுந்தவருக்குக் கால் மடங்கிவிட்டது. இடுப்பு எலும்பு முறிவு. அரியலூரில் ஆபரேஷன் செய்து படுக்க வைத்திருந்தார்கள். நான் போனபோது நாத்தனார் கட்டிலுக்கு அடியில் பெட்பேனைத் தள்ளிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். அக்கா அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வந்தப்ப என்னமோ சொல்ல வந்தியே பாப்பா. என்னது அது?"

இப்போது ஜிம்மில் சேருகிறவர்களுக்கெல்லாம், துக்கத்துக்கு உட்காரும் நாட்களில் செய்ய வேண்டிய பயிற்சிகளை முதல் நாளே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறேன். அபசகுனம் என்று பாதிப் பேர் மறுநாள் வருவதில்லை.