சவரிமுத்து அண்ணன் விட்ட குழவி

ராயப்பன்பட்டியிலிருந்து வந்த வண்டிக்காரர் மாட்டைக்கூட அவிழ்க்காமல் சொன்னார்: "சவரிமுத்தண்ணன் போயிட்டாக."

"எந்தக் கிணத்துல?" என்றுதான் என் வாயில் முதலில் வந்தது.

"கிணத்துல இல்லப்பா. காய்ச்சல். வீட்டுக் கட்டில்லதான்."

அழுகையோடு ஒரு நிம்மதியும் வந்தது. கிணற்றுக்குள் மூழ்கி வேலை பார்க்கிறவர் கட்டிலில் சாவது எங்கள் தொழிலில் பெரிய கொடுப்பினை.

அவரைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டக் கிணறுகளுக்கு ஆயில் எஞ்சின் வரத் தொடங்கிய காலம் அது. தண்ணீர் உறிஞ்சும் குழாயின் அடியிலுள்ள புட்வால்வு சேற்றில் புதைந்துவிட்டால் எங்கள் இருவரையும்தான் கூப்பிடுவார்கள். வெறும் உடம்பைத் தண்ணீர் மேலே தள்ளிவிடும் என்பதால் இடுப்பில் கல் கட்டி, மூச்சடக்கி இறங்குவோம். வேலை முடிந்ததும் குழாயைப் பிடித்துக் கல்லோடு ஏறி வருவோம். ஆபத்தென்றால் ஒரே இழுப்பில் அவிழும்படிதான் முடிச்சு. அதை எப்போது இழுப்பது என்பதில்தான் உயிரே இருக்கிறது.

"பாறைக்கு அடியில இருக்கையில முடிச்சத் தொடாத. தண்ணி ஒன்னையத் தூக்கிப் பாறையோட அப்பிரும். வெளிய வந்து கல்ல விடு. தலை மேல வந்துருச்சா, யோசிக்காம விடு. தப்பிச்சிட்டோம்னு கல்லோட மெதக்கப் பாக்குறவனத்தான் கிணறு திரும்ப இழுக்கும்" என்பார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் சொல்வார். எனக்குக் காது புளித்துப்போயிற்று.

ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அவர் இடுப்பில் கட்டியது வீட்டு அம்மிக் குழவி. வழவழவென்று இருப்பதால் பாறையில் சிக்காதாம். அவர் மனைவி ஆரோக்கியம் மதினிக்கு அது தாய்வீட்டுச் சீர். சொந்த ஊர்ப் பக்கம் வேலையென்றால் மதினி கிணற்று மேட்டிலேயே காத்திருப்பார். "குழம்புக்கு அரைக்கணும், வெரசா ஏறி வாங்க. குழவியத் தொலைச்சிட்டு மட்டும் வீட்டுக்கு வந்துராதீக" என்பார்.

ஒருநாள் அவர் ஊர்ப் பக்கத்துக் கிணறு ஒன்றில் நான்தான் இறங்கியிருந்தேன்; என் கயிற்றைப் பிடித்தபடி, இடுப்பில் குழவியும் கட்டி அண்ணன் மேலே நின்றார். குழாய் சரிந்து ஒரு பாறையின் அடியில் செருகிக் கிடந்தது. நான் உள்ளே நுழைந்து அசைத்ததும் அது என் காலை அழுத்திக்கொண்டது. இழுத்துப் பார்த்தேன், வரவில்லை. மூச்சு முட்டியது. கேட்ட புத்தியெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கை தானாக முடிச்சுக்குப் போனது.

இன்னொரு கை என் மணிக்கட்டைப் பிடித்தது. மேலே பிடித்திருந்த கயிறு துடித்ததைப் பார்த்து அண்ணன் குதித்திருக்கிறார். குழாயை நெம்பித் தூக்கினார். தலைமயிரைப் பற்றி என்னைப் பாறைக்கு வெளியே இழுத்துவந்து, அவரே என் முடிச்சை உருவினார். நான் விருட்டென்று மேலே வந்தேன். படியில் நின்றவர்கள் தூக்கிப் போட்டார்கள்.

பிறகு அண்ணன் தலை தெரிந்தது. வாயைத் திறந்தார், உடனே அமிழ்ந்தார். மறுபடி எழுந்தார். ஏறிவரச் சரிந்த குழாயும் கைக்கு எட்டவில்லை, என் கயிறும் எட்டவில்லை. கை முடிச்சின் மேல்தான் இருந்தது. ஆனால் இழுக்கவில்லை. மதினியைப் பார்த்தார்.

"விட்டுத் தொலைங்க!" மதினி அலறினார். "குழவிய விடுங்க! மாதா மேல சத்தியமா ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்!"

தலை மறைந்தது. குமிழிகள் வந்தன. அதன் பிறகுதான் அவர் நெஞ்சளவு மேலே எழும்பினார்.

படியில் கிடந்து தண்ணீரைக் கக்கிவிட்டு, "நல்ல குழவி" என்றார். மதினி அவர் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்துவிட்டு, அந்த முதுகிலேயே முகம் புதைத்து அழுதார்.

மறுநாளே எடுத்துத் தருகிறேன் என்றார் அண்ணன். மதினி விடவில்லை. புதுக் குழவி வாங்கினார்கள். சத்தியத்தையும் மதினி காப்பாற்றவில்லை. துவையல் அரைக்கும்போதெல்லாம் "இதெல்லாம் ஒரு குழவியா" என்று வருஷக்கணக்கில் அவரை வைதுகொண்டே இருந்தார். அண்ணன் சிரித்துக்கொண்டே சாப்பிடுவார்.

நேற்றுக் கல்லறையில் மண் போட்டுவிட்டுத் திரும்பும் வழியில் அந்தக் கிணறு வந்தது. மதினி நின்றார். கோடையில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. எனக்கு மனசு கேட்கவில்லை. "மதினி, நான் எறங்கி எடுத்துத் தரவா?" என்றேன்.

"வேணாம் கொழுந்தனாரே, கெடக்கட்டும்" என்றார். "அது அங்கன கெடந்ததாலதான் இவுக இம்புட்டு வருசம் எங்கூட இருந்தாக."

போய் வாருங்கள், அண்ணே.