குளம்புக்காரியின் தொப்பி

கரீபியன் தீவுக் கரையோர ஊரான கூயாவில் ஒலிவெட்டை எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவள் எப்படி இருப்பாள் என்று கேட்டால் யாருக்கும் சட்டென்று சொல்ல வராது. ஜாதிக்காய்க் கிடங்கில் பெஞ்சில் உட்கார்ந்து காய் பொறுக்குகிறவள். ஞாயிறு பூசைக்கு முதல் ஆளாக வந்து கடைசித் தூணுக்குப் பின்னால் உட்காருகிறவள். சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்ததில் இடது கால் கொஞ்சம் குட்டையாகிவிட்டது. செருப்புத் தைக்கிறவர் அந்தக் கால் சப்பாத்துக்கு அடியில் ஒரு மரக்கட்டை வைத்துக் கொடுத்திருந்தார். கல்லில் நடந்தால் டொக் என்று கேட்கும். பாவாடையைத் தரை தொடத் தைத்துப் போடுவாள். "ஆண்டவர் குடுத்த முகம், ஆண்டவர் குடுத்த காலு, குறை சொல்ல நாம யாரு" என்பாள். சொல்லிவிட்டு வீட்டுக் கண்ணாடியைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவாள்.

மனதில் ஓர் ஆசை மட்டும் இருந்தது. மீன்பிடிக்கிற தியோஃபில் ஒரே ஒரு தடவையாவது தன்னை நின்று பார்க்க வேண்டும். கல்யாணம் காட்சி என்று பெரிதாக அவள் கேட்கவில்லை. பார்த்தால் போதும்.

தியோஃபிலுக்கோ பார்ப்பதற்கு வேறு ஆள் இருந்தது. சட்டைப் பையில் ஒரு சின்னக் கண்ணாடி வைத்திருந்தான். வயது ஐம்பதை நெருங்கியும் தலைக்கு வாசனைத் தைலம் தேய்த்து அலை அலையாகச் சீவியிருப்பான். வலையை இழுத்ததும் மீன் விழுந்ததா என்று பார்ப்பதற்கு முன்னால் முடி கலைந்ததா என்று பார்ப்பான்.

அந்த வருஷம் ஒலிவெட்டின் ஞானமகளுக்குப் புதுநன்மை, கோவிலில் முதல்முறையாக நற்கருணை வாங்குகிற நாள். எண்ணெய் ஆலை வேலைக்காக அருபாத் தீவுக்குப் போயிருந்த தங்கை ஒரு வெள்ளை நீளக் கவுனும், பாதி முகத்தை மறைக்கிற அகலத் தொப்பியும் அனுப்பியிருந்தாள். பூசையும் விருந்தும் முடிந்து ஒலிவெட் அதே உடுப்போடு வீடு திரும்பினாள். உச்சி வெயில். நிழலுக்காகக் கொக்கோத் தோட்டத்துப் பாதையில் ஏறினாள்.

"ஏ கண்ணு! இந்த வெயில்ல தனியா எங்க போற? நில்லு, துணைக்கு வர்றேன்."

பின்னால் தியோஃபிலின் குரல். அவளை யாரும் கண்ணு என்று கூப்பிட்டதே இல்லை. ஆகையால் முன்னால் வேறு யாரோ ஒருத்தி போகிறாள் என்று நினைத்து, அது யாரென்று பார்க்க நடையைக் கூட்டினாள். பாதையில் கல் பாவிய இடம் வந்தது. டொக். டொக்.

"ஐயோ, மாதாவே!"

திரும்பினால், தியோஃபில் சட்டையையும் கால்சட்டையையும் கழற்றி, உள்பக்கம் வெளியே வரப் புரட்டி மாட்டிக்கொண்டிருந்தான். பிறகு முகத்தை அவள் பக்கம் வைத்தபடியே பின்நடையாக இறங்கினான். வாய்க்காலில் விழுந்தான். எழுந்து மறுபடியும் பின்நடை. பாவம், வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து ஒலிவெட் அவனுக்காக மாதாவிடம் ஓர் அருள்நிறை மந்திரம் சொன்னாள்.

மறுநாள் கிடங்கில்தான் விஷயம் புரிந்தது.

"கேட்டீங்களாடி, தியோஃபில் குளம்புக்காரிகிட்ட மாட்டித் தப்பிச்சிருக்கான்!" என்று வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள் இக்னேஷியா. "அழகைக் காட்டி ஆம்பிளைங்களக் காட்டுக்குள்ள இழுப்பான்னு பாட்டிங்க சொல்ற அதே பிசாசுதான். நீளப் பாவாடைக்குள்ள ஒத்தைக் குளம்பு. அவனே காதால கேட்டானாம். அவ கிட்ட நெருங்காம இருக்க உடனே துணியைப் புரட்டிப் போட்டுப் பின்நடையா வந்திருக்கான். இல்லைன்னா பள்ளத்துல தள்ளியிருப்பா."

ஒலிவெட்டின் கையிலிருந்த காய் நழுவிக் கூடைக்கு வெளியே விழுந்தது. "ஆளு எப்படி இருந்தாளாம்?" என்று கேட்டாள்.

"இடுப்பு இத்தனூண்டாம். நடை இருக்கே, காத்துல படகுப் பாய் சாயற மாதிரி சாஞ்சு சாஞ்சு. அப்படியொரு அழகை ஜென்மத்துல பாத்ததில்லைங்கறான்."

"மூஞ்சியப் பாத்தானா?"

"தொப்பி மறைச்சிருச்சாம். அழகா இல்லைன்னா அவ என்ன குளம்புக்காரி? அதுவும் அவ கண்டவன் பின்னாடி வரமாட்டாளாம், அழகனாப் பாத்துத்தான் வருவாளாம். ரம் கடையில உக்காந்து அதைத்தான் சொல்லிக்கிட்டிருக்கான்."

"அப்படின்னா எம் புருஷன் எந்தக் காட்டுக்குள்ள வேணா போலாம்" என்றாள் பக்கத்திலிருந்தவள். பெஞ்சே குலுங்கியது.

ஒலிவெட் அந்தப் பாதையில் வந்தது அவர்களுக்குத் தெரியும். தொப்பியையும் கோவிலில் பார்த்திருந்தார்கள். ஒருத்திகூட அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அப்பேர்ப்பட்ட அழகியைப் பற்றிப் பேசும்போது ஒலிவெட் யாருக்கு ஞாபகம் வருவாள்?

சாயங்காலம் வீட்டுக் கண்ணாடியைத் திருப்பினாள். தொப்பியை வைத்துக்கொண்டு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நடந்தாள். பாய் சாய்கிற மாதிரிதான் இருந்தது. ஜெபமாலை சொல்ல மறந்துபோனது.

சனிக்கிழமை, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குப் போனாள். "சாமி, ஊரெல்லாம் பேசற பிசாசு நான்தான்."

உள்ளே சாமியாரின் சிரிப்பு இருமலாக மாறியது. "பிசாசுன்னு சொல்றாங்களேன்னு வருத்தமாம்மா?"

"இல்ல சாமி. சந்தோஷமா இருக்கு. அதுதான் பாவம்."

சாமியார் தட்டியின் பக்கம் குனிந்தார். "தியோஃபில் கடலுக்கே போகாம மதியமானா அந்தப் பாதையில போயி உக்காந்திருக்கானாம். போயி உண்மையைச் சொல்லிடு. அதுதான் உனக்கு அபராதம்."

மண்டியிட்டுக் கிடப்பதென்றால் இரவு முழுக்கக்கூடக் கிடந்திருப்பாள். இது அப்படியல்ல. வாழ்நாளில் ஒரே ஒரு ஆம்பிளை, அதுவும் தியோஃபில், அவளை அழகி என்று சொல்லியிருக்கிறான். அதை அவளே தன் கையால் அழிக்க வேண்டும். ஆனாலும் அபராதம் அபராதம்தான். ஞாயிறு பூசை முடிந்ததும் தொப்பியை எடுத்துக்கொண்டு போனாள்.

தியோஃபில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தான். தலை பளபளத்தது. பாதுகாப்புக்காகச் சட்டையை முன்னாலேயே புரட்டிப் போட்டிருந்தான்.

"தியோ, அன்னிக்கு வந்தது குளம்புக்காரி இல்ல. நான்தான்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். தலையிலிருந்து கால்வரை, அவசரமில்லாமல், நின்று நிதானித்துப் பார்த்தான். இத்தனை வருஷம் அவள் கேட்ட பார்வை அதுதான்.

பிறகு சிரித்தான். "உனக்கு ஏன் ஒலிவெட் இந்த ஆசை?"

"இந்தா, தொப்பி."

"தொப்பி யார்கிட்டதான் இல்ல?"

அவள் பாவாடையைக் கொஞ்சம் தூக்கிக் கல்லில் தட்டினாள். டொக்.

"அது கட்டை. அவளுது குளம்பு. கேட்ட எனக்குத் தெரியாதா?" என்றான். "அவ நடை என்ன, நெளிவு என்ன! பொறாமைப்படாம வீட்டுக்குப் போ. நீ நின்னா அவ வரமாட்டா."

அவன் கண்ணாடியை எடுத்து முடியைத் தடவிக்கொண்டான். ஒலிவெட் பார்த்துக்கொண்டே நின்றாள். முன்னுச்சியில் தைலம் ஒழுகி நெற்றியில் இறங்கியிருந்தது. இத்தனை காலம் தூணுக்குப் பின்னாலிருந்து பார்த்ததில் இதெல்லாம் தெரிந்ததில்லை.

"அவ இனிமே வரமாட்டா தியோ."

"உனக்கெப்படித் தெரியும்?"

"தெரியும். அன்னிக்கு நீ பின்நடையா போனப்ப உன் மூஞ்சிய நேருக்கு நேரா பாத்துட்டா. சுமார்தான்னு சொல்லிட்டா."

கண்ணாடி பிடித்திருந்த கை அப்படியே நின்றது.

ஒலிவெட் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கல் பாவிய வழியாகவே நடந்தாள். டொக், டொக் என்று நன்றாகக் கேட்டது. அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் இதையும் சொல்ல வேண்டுமா என்று வழி நெடுக யோசித்துப் பார்த்தாள். பொய் எதுவும் சொன்னதாக அவளுக்குத் தெரியவில்லை.