மாகாளிக் கிழங்கு ஜாடி

கும்பகோணத்தில் பெரியப்பா மகன் ரகு ஜாடியைத் திறந்ததும், மூட்டைப்பூச்சியை நசுக்கிய வாடை குப்பென்று வந்தது. மோரில் ஊறிய மாகாளிக் கிழங்கு.

“இதுல இருக்கிற பாக்டீரியா உண்டாக்குற சத்தெல்லாம் குடலுக்கு அவ்வளவு நல்லது, தெரியுமா?” என்றான். அமெரிக்கா போய்த் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார் துரை.

குடவாசலில் என் அம்மா பாக்டீரியா பேர் தெரியாமலே இதைப் போட்டாள். கிழங்கைச் சீவி, நடுநரம்பை உருவி, உப்பு மோரில் போட்டு, ஈரக்கை படாமல் தினமும் மரக்கரண்டியால் கிளறுவாள். சின்ன வயதில் மெட்ராஸிலிருந்து பள்ளிக்கூட லீவுக்கு வந்த இந்த மேதைதான், “அழுகிப்போனதையா சித்தி சாப்பிடுறீங்க?” என்று குமட்டிக் காட்டினான். மகனுக்காகப் பெரியம்மா அந்த ஜாடியை அம்மா கையாலேயே எருக்குழியில் கொட்ட வைத்தாள். அதன்பிறகு அம்மா கிழங்கு போடவே இல்லை.

“என்ன இருந்தாலும் சித்தி கைப்பக்குவம் வராது” என்று உச்சுக்கொட்டுகிறான் இப்போது. வெட்கங்கெட்டவன்.

அவனைச் சொல்லி என்ன? அன்று எருக்குழி ஓரத்தில், மெட்ராஸ்காரனுக்குச் சமமாக நிற்க ஆசைப்பட்டு, அவனைவிட இறுக்கமாக மூக்கைப் பொத்திக்கொண்டவள் நான். கொட்டிவிட்டு அம்மா நிமிர்ந்து பார்த்தது என்னைத்தான்.