எருக்குழியில் பொரிந்த இரட்டைத் தலைச் சாரை

மூன்று வருடத்துக்கு முன் அனுசியாவுக்குப் பிறந்த பிள்ளைக்கு உடம்பு ஒன்று, தலை இரண்டு. ஒரு மணி நேரம்கூடத் தாங்கவில்லை. அன்றிலிருந்து மாமியார் வெள்ளத்தாய்க்கு ஒரே பேச்சுதான்: அது பாம்புச் சாபம். பிள்ளை வயிற்றில் ஐந்து மாதக் கருவாக இருந்தபோது, கரும்புத் தோட்டத்தில் பின்னிக் கிடந்த இரண்டு சாரைகளைப் பார்த்து "அடிங்க, அடிங்க" என்று கத்தியவள் அனுசியா. கம்பெடுத்து அடித்தவன் அவள் புருஷன் பாண்டிதுரை. தன் மகன் அடித்ததை மட்டும் வெள்ளத்தாய் பேசுவதில்லை.

அனுசியாவும் அந்தச் சாபத்தை நம்பினாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறியின் இரைச்சலுக்குள்ளும் தான் கத்தியதுதான் அவள் காதில் கேட்கும்.

இப்போது மறுபடி மூன்று மாதம்.

"இன்னொண்ணத் தூக்கிப் பொதைக்க எனக்குத் தெம்பு இல்லட்டி. வெள்ளிக்கிழமை போயிக் கலைச்சிட்டு வந்துருவோம்" என்றாள் வெள்ளத்தாய்.

பாண்டிதுரை சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தான்.

புதன்கிழமை காலை அவன் எருக்குழியைக் கிளறியபோது சாரை முட்டைகள் பொரிந்து கிடந்தன. ஒரு குட்டிக்கு இரண்டு தலை. ஒன்று கிழக்கே இழுக்க, மற்றது மேற்கே இழுக்க, கிடந்த இடத்திலேயே நெளிந்தது.

"பாத்தியா, வீடு தேடி வந்துருச்சு!" என்று வெள்ளத்தாய் சூடம் தேடி ஓடினாள்.

பாண்டிதுரை போன் செய்ததும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்த வனக்காவலர் கௌதம்ராஜ் குட்டியை டப்பாவில் பிடித்துவிட்டார்.

"எதுக்குங்க இப்படிப் பொறக்குது?" என்று கேட்டாள் அனுசியா.

"கரு ரெண்டாப் பிரிய ஆரம்பிக்கும்க்கா. பாதியில நின்னுபோச்சுன்னா இப்படித்தான். மனுசருக்கும் அதே கதைதான். கரு உண்டான ரெண்டு மூணு வாரத்துலயே முடிஞ்சுபோற சங்கதி. பொறவு யாரு என்ன செஞ்சாலும் மாறாது."

அனுசியா மாமியார் பக்கம் திரும்பினாள். "அத்தை, இதோட ஆத்தா எந்தப் பாம்பை அடிக்கச் சொல்லிக் கத்துனா?"

"வாயப் பாரு! பாம்பும் நீயும் ஒண்ணாட்டி?" என்றாள் வெள்ளத்தாய். சூடம் கையிலேயே இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமை கலைக்கப் போகும் முடிவு மாறவில்லை.

வியாழக்கிழமை, தறிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு அனுசியா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறினாள். ஸ்கேன் மேசையில் படுத்ததும் கேட்டாள்.

"தலை எத்தனை, டாக்டரம்மா?"

"என்னம்மா கேள்வி இது? ஒண்ணுதான்."

"இன்னொருக்கா பாருங்க."

பார்த்தார். ஒன்றுதான்.

"அதத் தமிழ்ல எழுதிக் குடுங்க" என்றாள் அனுசியா. "பெரிய எழுத்தா எழுதுங்க. எங்க அத்தை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாவ. நாளைக்கு வெள்ளிக்கிழமை."