டிராகன் எரித்த வயலும் என் நாவலும்

இன்று பாபநாசம் பேருந்தில் முன்சீட்டுப் பெண்கள் இருவர், என் நண்பன் எழுதிய நாவலைப் பற்றிச் சண்டை போட்டார்கள். ஒரு கம்ப்யூட்டர் கேமை வைத்து அவன் எழுதிய மாயாஜாலக் கதை.

"நட்டு பத்து நாள்தான் ஆவுது. தண்ணி நிக்கிற வயலை டிராகன் எப்படிடி எரிக்கும்?"

"கேம்லயும் எரியும்டி."

"கேம் செஞ்சவனுக்கு வயல் தெரியாது. இவரு நம்ம ஊருக்காரருதானே?"

நான் இறங்கும்வரை ஓயவில்லை.

திட்டு வாங்குகிறவன்மேல் இவ்வளவு பொறாமை வருமென்று நினைக்கவில்லை.

நான் எழுதியது முழுக்க விவசாய நாவல். தையில் அறுக்க வேண்டிய சம்பாவை அதில் ஆடியில் அறுத்துவிட்டேன். புத்தகம் வந்து இரண்டு வருடமாகிறது. ஒருவரும் சண்டைக்கு வரவில்லை.

'அருமை' என்று எழுதிய நண்பர்களே, எந்தப் பக்கம்வரை படித்தீர்கள்?