நான் ஒடிக்காமல் விட்ட இடுப்பு

சீமைக்குத் திரும்பிய வெள்ளைக்காரர் ஒருவர் விற்ற கயாக் என்னும் ஒல்லிப் படகை, நானும் என் மனைவியின் அண்ணன் சேவியரும் கூட்டாக வாங்கினோம். நாங்கள் குடியிருந்த ஆஸ்டின் டவுனிலிருந்து அல்சூர் ஏரிக்கு ஆளுக்கொரு முனையாகச் சுமந்துபோவோம்.

ஒருநாள் எதிரே வந்த சிநேகிதனுக்குச் சலாம் வைக்க, சேவியர் சொல்லாமல் கொள்ளாமல் தன் முனையை விட்டுவிட்டான். மொத்தக் கனமும் என் இடுப்பைப் பிடித்து இழுத்தது. மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தேன். பார்க்க வந்த சேவியர், "முதுகா மாப்ளே அது? முருங்கைக் கொம்பு!" என்று சிரித்தான். என் மனைவியும் சேர்ந்து சிரித்தாள். இவன் இடுப்பை ஒடிக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தேன்.

எழுந்து நடமாடியதும் நானே அவனை ஏரிக்கு அழைத்தேன். திரும்பும்போது கரைச்சரிவில் அவனைக் கீழ்ப்பக்கம் நிறுத்தினேன். பாதி ஏற்றத்தில் நான் கையை விட்டால் போதும். குனிந்து படகைப் பிடித்தேன்.

"ஸ்வல்ப இரு மாப்ளே," என்றான். "குனிஞ்சு தூக்காதே. முட்டிய மடக்கி உக்காரு, படகை ஒடம்போட ஒட்டிப் புடிச்சு எழுந்திரு. மறுபடி இடுப்பு போயிடப் போவுது. எறக்கறதுக்கு முன்னாடி நான் கொரல் குடுக்கறேன். அன்னிக்குக் குடுக்காம விட்டுட்டேன்."

பாதி ஏற்றத்தில் என் விரல்கள் தளரத்தான் செய்தன. ஆனால் கீழிருந்து, "வலிக்குதா மாப்ளே?" என்று கேட்டுக்கொண்டே வந்தான் பாவி. வீடு வரை ஒழுங்காகச் சுமந்தேன்.

அத்தனை நாள் ஆசையாக வளர்த்த கோபத்தை ஒரே பேச்சில் பிடுங்கிக்கொண்டான். அதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மழைக்காலத்தில் இடுப்பு வலிக்கும்போதுதான் கொஞ்சம் நிம்மதி. அவனைத் திட்ட அதுவாவது மிச்சமிருக்கிறதே!